பனிமலையில் ஓர் ஆசிரியக் குடும்பம்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில், வெலிமடையில் நிகழ்த்திய உரை)



இன்று எமக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் "குளிர்காலத்தில் ஓர் ஆசிரியத் தம்பதியரின் அன்றாட வாழ்க்கை" என்பதாகும். குளிர்காலம் என்றதும் நம்மவர் மனத்திலே தோன்றுவது மேல்நாடு. உறைந்த குளங்களும், வெண்பனி மூடிய வீட்டுக் கூரைகளும், கம்பளிக் கையுறை அணிந்த குழந்தைகளும் நாட்காட்டிப் படங்களிலே நாம் கண்டு மகிழ்ந்த காட்சிகள். அத்தகைய நாடுகளுள் ஒன்றாகிய ஒல்லாந்தைப் பற்றி முதலிலே சில வார்த்தைகள் சொல்லிவிட்டுப் பின்னர் நம் வெலிமடை மலைக்கு வர விரும்புகின்றோம். எவ்வளவோ தேசங்கள் இருக்க ஒல்லாந்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு.

ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரங்களை ஆண்டனர். அவர்களுடைய ஆட்சி கடற்கரையோடு நின்றது. கண்டி இராச்சியத்தைச் சேர்ந்த நம் ஊவா மலைக்கு அது ஏறவில்லை. ஆட்சி ஏறாத மலைக்கு அவர்களுடைய சொற்கள் ஏறிவிட்டன. நாம் சந்தைக்கு மூட்டை மூட்டையாய் அனுப்பும் போஞ்சி ஒல்லாந்தச் சொல். தோட்டத்துக் கந்தோர் ஒல்லாந்தச் சொல். நம் சிங்களச் சகோதரர் உருளைக்கிழங்கை "அர்த்தாபல்" என்பதும் ஒல்லாந்தச் சொல்லே. சொல் மட்டுமா? வெலிமடை வயல்களிலும் மேட்டு நிலங்களிலும் நட்ட விதைக்கிழங்கில் எத்தனையோ பெட்டி ஒல்லாந்திலிருந்து கப்பலேறி வந்தது. "டெசிரே" என்று நம் கமக்காரர் சொல்லும் சிவப்புத்தோல் கிழங்கு அந்த நாட்டிலே 1962 இல் உருவாக்கப்பட்ட இனம். அம்பேவெலப் பக்கம் பனியிலே மேயும் கறுப்பு வெள்ளைப் பசுக்களின் மூதாதையர் ஒல்லாந்தின் பிரீஸ்லாந்து மாகாணத்துப் பசுக்கள். ஆகையால் அந்நாடு நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

இனி அந்நாட்டுக் குளிரைக் கேளுங்கள். மார்கழி மாதத்திலே அம்ஸ்டர்டாம் நகரில் சூரியன் உதிப்பது காலை எட்டே முக்கால் மணியளவில். மறைவது பிற்பகல் நாலரை மணிக்கு. ஆசிரியரும் மாணவரும் இருட்டிலே சைக்கிள் ஏறிப் பள்ளிக்குப் போகின்றனர். அந்தி மங்கும் வேளையில் வீடு திரும்புகின்றனர். கடுங்குளிர் வந்து கால்வாய்கள் நன்றாக உறைந்துவிட்டால் பிரீஸ்லாந்திலே பதினொரு பட்டினங்களைச் சுற்றி ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தூரம் பனிக்கட்டிமேல் சறுக்கி ஓடும் பெரும் பந்தயம் ஒன்று உண்டு. 1963 சனவரி 18 ஆந் தேதி நடந்த பந்தயத்தில் ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டனர். பனிப்புயலில் அகப்பட்டு முடிவிடத்தை அடைந்தோர் மிகச் சிலரே. கடைசியாக அது நடந்தது 1997 இல். அதன் பின்னர் அத்தனை தூரத்துக்குப் பனிக்கட்டி உறுதியாக உறையவே இல்லை. உலகம் வெப்பமடைகின்றது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

அந்த நாட்டு மக்கள் குளிரிலே துன்பமும் கண்டவர்கள். இரண்டாவது உலக யுத்தத்தின் முடிவில், 1944-45 குளிர்காலத்திலே, உணவும் விறகும் நிலக்கரியும் இன்றி ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டனர். பூச்செடியின் கிழங்கை அவித்துத் தின்றார்கள். எரிபொருள் இன்மையாற் பள்ளிகள் மூடப்பட்டன. 1953 சனவரி 31 இரவு கடல் பொங்கி அணைகளை உடைத்தபோது 1,836 பேர் இறந்தனர். எனினும் அவர்கள் ஊரைவிட்டு ஓடவில்லை. அவர்களுடைய நிலத்தில் நாலில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றது. அதிலே வாழ்வதற்கு அவர்கள் கண்ட வழி என்ன? 13 ஆம் நூற்றாண்டு தொட்டே ஊரார் கூடி நீர்க்காவற் சபைகளை அமைத்துக்கொண்டனர். அணை காப்பது அயலவன் வேலை என்று ஒருவனும் சொல்ல முடியாது. ஒருவன் காணியின் ஓரத்து அணை உடைந்தால் எல்லாருடைய வீடும் முழுகும். இன்றும் அத்தகைய சபைகள் 21 அங்கே இயங்குகின்றன. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் தேவை வரும்.

இப்போது நம் மலைக்கு வருவோம்.

நம்முடைய குளிரிலே குளம் உறையாது, உண்மை. நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருப்பவர்கள். மார்கழியிலும் நமக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த பகல் உண்டு. ஆனால் ஒல்லாந்தனுடைய வீடு குளிருக்கென்றே கட்டப்பட்டது. சுவர் இரட்டை, கண்ணாடி இரட்டை, உள்ளே அடுப்பு. 1959 இல் கிரோனிங்கன் மாகாணத்தில் பூமிக்கடியில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் வீட்டுக்கு வீடு குழாயில் வெப்பம் வந்தது. நிலநடுக்கங்கள் ஏற்பட்டமையால் அவ்விடத்து வாயுவை எடுப்பதை 2024 இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் வீடுகள் குளிர்ந்துவிடவில்லை. நம்முடைய லயத்துக் காம்பராவும் பாடசாலைக் கட்டடமும் எந்தக் குளிரை எண்ணிக் கட்டப்பட்டன? தகரக் கூரை, அரைச் சுவர், சீமெந்துத் தரை. ஆகவே வெப்பமானியில் அவர்களுடைய குளிர் பெரிதாயினும் உடம்பிலே நம்முடைய குளிர் சிறிதன்று.

ஐப்பசி கார்த்திகையில் மழை தொடங்குகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று ஊவா மலைச் சரிவிலே மோதிப் பொழிகின்றது. அந்த மழை நமக்குச் செய்தவற்றை நாம் மறக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைகள் சரிந்து பல உயிர்களைக் கொண்டுபோயின. மழை சற்று ஓய்ந்ததும் பனி வருகின்றது. தையிலும் மாசி முற்பகுதியிலும் வானம் தெளிந்த இரவுகளிலே நுவரெலியா, அம்பேவெலப் பக்கங்களில் புல்நுனியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். தேயிலைத் தளிர் கருகும். கொழுந்து குறைந்தால் வேலைநாள் குறையும். வேலைநாள் குறைந்தால் அடுப்பிலே ரொட்டி குறையும். இந்தக் காலத்திலேதான் வழமையாகப் புதிய பள்ளியாண்டு ஆரம்பமாகின்றது. ஐந்து வயதுக் குழந்தை முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதிப்பது நம் மலையின் மிகக் குளிர்ந்த மாதத்திலே!

அந்த வாசலிலே நிற்கும் ஆசிரியரைப் பற்றித்தான் நாம் பேச வந்தோம்.

தோட்டத்து ஆசிரியருடைய வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. 1907 இல் வந்த கிராமப் பாடசாலைச் சட்டமே தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று முதலில் எழுத்திலே வைத்தது. 1920 இன் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கு வழி செய்யும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் ஏற்றியது. சட்டம் ஏறியது, கல்வி ஏறவில்லை. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. பல இடங்களில் கணக்கப்பிள்ளையே காலையிற் பெரட்டுக்களத்திலும் பகலிற் பள்ளியிலும் நின்றார். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் எழுத்தறிந்த பலரும் தம் குடும்பங்களோடு கப்பலேறினர். 1970களின் பிற்பகுதியிலேதான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1986 முதல் சுவீடன் நாட்டு உதவியால் பல கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஜெர்மன் நாட்டு உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்து மலையகத்துப் பிள்ளைகளையே ஆசிரியராக்கி அனுப்பி வருகின்றது. இவ்வளவும் நன்றியோடு சொல்லவேண்டியவை. ஆயினும் கட்டடம் கட்டுவது ஒன்று; அதற்குள்ளே மனிதரை நிலைக்கச் செய்வது வேறொன்று.

எமக்கு நன்கு தெரிந்த ஓர் ஆசிரியத் தம்பதியர் உளர். வெலிமடைக்கு மேலே, ஹக்கலைப் பக்கமாக ஏறும் மலையிலே ஒரு சிறு பாடசாலையில் கற்பிக்கின்றனர். பெயரும் ஊரும் சொல்லமாட்டோம். சொன்னால் மாஸ்டர் கோபிப்பார். அவர் லயத்திலே பிறந்தவர். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பரீட்சை சித்தியடைந்தவர். டீச்சர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தவர். பயிற்சிக் கலாசாலையிற் பழகி, பெரியோர் சம்மதத்துடன் மணம் முடித்தவர்கள். வெயிலும் பனையும் கிணற்றடியும் பழகிய அவ்வம்மையார் மூடுபனியை முதன்முதற் கண்ட காலையில், "உங்கட ஊரில ஆகாயம் நிலத்தில விழுந்து கிடக்குது" என்றாராம். வாசலிலே நின்ற லயத்து மூதாட்டி ஒருத்தி, "டீச்சரம்மா, இதுக்கே இப்புடி நடுங்குனா தை மாசத்துல என்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டாளாம். அது நடந்து ஒன்பது தை கழிந்துவிட்டது.

அவர்களுடைய ஒருநாளைச் சொல்லுகின்றோம்.

காலை நாலரை மணிக்கு எழும்புவார்கள். முதல் யுத்தம் அடுப்போடு. விறகு ஈரம். கவ்வாத்து மலையிலிருந்து வந்த மிலாறு காய்ந்திருந்தாற் பட்டென்று பற்றும். நனைந்திருந்தாற் புகைதான் மிச்சம். மாஸ்டர் ஊதுவார், டீச்சர் கண்ணைக் கசக்குவார். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் மெழுகாய் உறைந்திருக்கும். அதை அடுப்போரம் வைத்து இளக்கினாற்றான் தாளிக்கலாம், தலைக்கும் வைக்கலாம். யாழ்ப்பாணத்திலே இரவு கரைத்து வைத்த தோசை மா விடியப் பொங்கி வழியும். இங்கே இரண்டு இரவானாலும் புளிக்காது. டீச்சர் கண்ட உபாயம் என்னவென்றால், மாப்பானையைப் பழைய கம்பளியாற் சுற்றிச் சாம்பலடுப்பின் பக்கத்தில் உறங்கவைப்பது. "எங்கட வீட்டில முதலில கம்பளி கிடைச்சது தோசை மாவுக்குத்தான்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

பீலித் தண்ணீர் கையிற் பட்டால் விரல் மரத்துப்போம். அதிலே முகங்கழுவி, பிள்ளையாருக்கு ஒரு விளக்கேற்றி, வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டு ஏழு மணிக்குப் புறப்படுவார்கள். விடுதியிலிருந்து பாடசாலைக்கு முக்கால் மைல். ஒற்றையடிப் பாதை, இருபுறமும் தேயிலை. பாதையிலே அட்டை, தேயிலையிலே பனித்துளி. பள்ளியை அடையுமுன்னர் டீச்சருடைய சேலை முழங்கால் வரை நனைந்துவிடும். ஆகையால் மாற்றுச் சேலை ஒன்று பாடசாலை அலுமாரியிலே எப்போதும் இருக்கும். வழியிலே கொழுந்துக்குப் போகும் பெண்கள் தலையிலே படங்கைக் கொங்காணியாய் மடித்துப் போட்டுக்கொண்டு, "டீச்சரம்மா, எங்க புள்ள பின்னால வருது, பாத்துக்கிருங்க" என்று சொல்லிப் போவார்கள். அந்த ஒரு வார்த்தையிலே எத்தனை நம்பிக்கை அடங்கியிருக்கின்றது!

பாடசாலையிலே 62 பிள்ளைகள். ஐந்து வகுப்பு, ஒரே மண்டபம், தடுப்பு இல்லை. முதலிரு வகுப்பும் டீச்சருக்கு, மற்ற மூன்றும் மாஸ்டருக்கு. காலையிற் கரும்பலகை வியர்த்திருக்கும். சுண்ணக்கட்டி நமுத்துப்போய் எழுத மறுக்கும். அதற்காக மாஸ்டர் சுண்ணக்கட்டிப் பெட்டியை இரவிலே வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பின்மேற் பரணில் வைப்பார். முதற்பாடம் எப்போதும் வாய்ப்பாடு. உட்கார்ந்தன்று, நின்று, கைதட்டி, காலை மாற்றி மாற்றி மிதித்து. கணக்கும் ஏறும், உடம்பும் சூடேறும். பெருமழை தகரத்தில் அறையும்போது ஆசிரியர் குரல் எவருக்கும் கேளாது. அப்பொழுது பேச்சை நிறுத்திவிட்டுச் சித்திரம் வரையச் செய்வார்கள், அல்லது எழுத்து வேலை கொடுப்பார்கள்.

வெள்ளைச் சீருடை அழகியது, சமத்துவம் தருவது. ஆனால் ஒரே சீருடையுள்ள பிள்ளை அதை மாலையிலே தோய்த்து, காயாமலே காலையில் உடுத்துக்கொண்டு வந்தால் என்னாகும்? சளி, இருமல், பின்னர் மூன்று நாள் வரவின்மை. டீச்சர் ஒரு விதி செய்தார். மழைநாளில் உலர்ந்த உடுப்பு எதுவோ அதுவே சீருடை. மேலதிகாரி ஒருவர் வந்து முகஞ்சுளித்தபோது, "ஐயா, ஈரச் சட்டையோட அகரம் ஏறாது" என்று மரியாதையாகச் சொன்னாராம். பெரிய பானையிலே கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர் பத்து மணிக்கு ஆளுக்கொரு கோப்பை. கொத்தமல்லி ஆசிரியர் செலவு. விறகு பிள்ளைகள் கொண்டுவருவது, ஆளுக்கொரு குச்சி. சனிக்கிழமைகளிலே பெரிய பெண்பிள்ளைகளுக்குக் கம்பளி நூல் பின்னக் கற்பிக்கின்றார். முதல் ஆண்டிலே பின்னிய தொப்பிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத வடிவில் இருந்தன. ஆயினும் முதலாம் வகுப்பின் எல்லாக் காதுகளையும் அவை மூடின.

மாலையில் ஓய்வு என்று எண்ணாதீர்கள். தோட்டத்து ஆசிரியர் வீடு ஒரு கந்தோர். பிறப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்ப வேண்டும். ஓய்வுபெற்ற கிழவருக்கு ஊழியர் சேமலாப நிதிக் கடிதம் எழுத வேண்டும். பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் ஒரு குடும்பமே வருடக்கணக்காய் அலைய நேரிடும் என்பது பெரியோர் அறிந்ததே. முன்னர் நாடற்றவரென்று ஒதுக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே முழுமையாகப் பிரசைகளான சமூகத்தவர் நாம். நமக்குக் கடதாசி வெறும் கடதாசியன்று. ஆகவே மாஸ்டர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு எட்டு மணி வரை எழுதுவார். அதன் பிறகே கொப்பிகள் திருத்தம். இருவரும் அடுப்படியிலே எதிரெதிரே பலகை போட்டு உட்கார்ந்து, ஒருவர் சிவப்புப் பேனையை மற்றவர் வாங்கி, ஒரே விளக்கிலே திருத்துவார்கள். பிறர் முன்னிலையிலே அவர் இவரை "டீச்சர்" என்பார். இவர் அவரை "மாஸ்டர்" என்பார். அடுப்படியிலே எப்படி அழைத்துக்கொள்வார்களோ, அது நம் ஆராய்ச்சிக்கு உரியதன்று!

அன்பர்களே! இதைக் கேட்டு நகைத்தோம்; மகிழ்ந்தோம். ஆனால் இனிச் சொல்லப்போவது மகிழ்ச்சியான செய்தியன்று. அந்தப் பாடசாலைக்கு இவர்களுக்கு முன் வந்த ஆசிரியர் பலர். ஒருவர் ஒரு தவணை. ஒருவர் ஓர் ஆண்டு. ஒருவர் சாமானை இறக்கவேயில்லை. எல்லாரும் எழுதிய காரணம் ஒன்றே: "சுவாத்தியம் ஒத்துக்கொள்ளவில்லை." குளிர்தான் அவர்களைத் துரத்தியதா? நாமும் அப்படியே எண்ணியிருந்தோம். டீச்சர் சொன்ன ஒரு சம்பவம் வேறு விடை தந்தது.

அவர்கள் வந்த மூன்றாம் தை. கைக்குழந்தைக்கு ஒன்றரை வயது. மாஸ்டர் ஒரு கருத்தரங்குக்காகப் பதுளை போயிருந்தார். நள்ளிரவிலே குழந்தைக்கு இழுப்பு. மூச்சு வாங்குகின்றது, உதடு நீலம் பாய்கின்றது. கூரையிலே ஒழுக்கு, அடுப்பிலே ஈர விறகு, கைப்பேசிக்குத் தொடர்பு இல்லை. டீச்சர் குழந்தையை மார்போடு அணைத்துச் சேலையாற் சுற்றிக்கொண்டு, பனிக்குள்ளே தடவித் தடவி இறங்கி, கீழ் லயத்தின் தொங்கல் காம்பராக் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. அடுத்த கதவும் திறந்தது. ஒருவன் மரக்கறி லொறிச் சாரதியை எழுப்ப ஓடினான். கிழவி ஒருத்தி தன் போர்வையை எடுத்துப் போர்த்தினாள். ஆறு பெண்கள் லொறியின் பின்னே போஞ்சி மூட்டைகளுக்கிடையில் ஏறிக்கொண்டு கூடவே வந்தார்கள். வைத்தியசாலையிலே விடியும் வரை அவருடன் இருந்துவிட்டு, அங்கிருந்தே நேரே பெரட்டுக்குப் போனார்கள். குழந்தை பிழைத்தது. இன்று அக்குழந்தை அதே பாடசாலையிலே மூன்றாம் வகுப்புப் படிக்கின்றது.

அந்த மாதம் டீச்சருடைய கைப்பையிலே இடமாற்றப் படிவம் நிரப்பி ஆயத்தமாய் இருந்தது. அதை அவர் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டோம். அவர் சொன்னார்: "குளிரைத் தாங்கலாம், தம்பிமார். தட்டுறதுக்கு ஒரு கதவு இல்லையெண்டால்தான் தாங்கேலாது."

பெரியோர்களே! ஆசிரியர்கள் நம் மலையை விட்டுப் போவது குளிரினாலன்று; தனிமையினால். ஒழுகும் கூரையைத் தனியே பார்த்துக்கொண்டிருக்கும் தனிமை. நோயுற்ற குழந்தையோடு தனியே விழித்திருக்கும் தனிமை. தாம் செய்வதை எவரும் காணவில்லை என்னும் தனிமை. இதற்கு மருந்து அரசாங்கக் கந்தோரிலே மட்டும் இல்லை. ஆசிரியர் விடுதியைக் கட்டித் தருவதும் பேணுவதும் அரசின் கடமை. அதனை நாம் உரிமையோடு கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் ஓர் ஓடு நழுவினால் அதனைத் திருத்த உத்தியோகக் கடிதம் வரும்வரை மழை காத்திராது.

இங்கேதான் ஒல்லாந்தர் நமக்கு ஆசிரியராகின்றனர். அவர்கள் கடலைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. அரசனுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டு நித்திரை கொள்ளவும் இல்லை. ஊர் கூடி, முறைவைத்து, அணையைக் காத்தனர். நம்முடைய அணை ஆசிரியர். அவர் நிற்கும்வரை அறியாமை வெள்ளம் ஊருக்குள் நுழையாது. அவர் பெயர்ந்தால் ஒரு வீடன்று, 62 வீடுகள் முழுகும். அவ்வணையைக் காக்க முறைவைத்துக்கொள்ளும் சபை ஒன்று நமக்கு வேண்டாவா? புதிதாய் ஒன்று தேடவேண்டியதில்லை. இதோ இந்தச் சங்கம் இருக்கின்றது.

நம்மவர் இதனைச் செய்யமாட்டாதவர் அல்லர். 1980களிலே போர் துரத்த, ஒல்லாந்துக்கே தஞ்சம் புகுந்த நம் இனத்தவர், அந்தப் பனியிலே டென் ஹெல்டர் என்னும் கடற்கரைப் பட்டினத்திலே பிள்ளையாருக்குக் கோயில் எடுத்திருக்கின்றனர். வாரம் முழுவதும் வேலை செய்து களைத்தவர்கள், விடுமுறை நாளிலே தம் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுக்கத் தமிழ்ப் பள்ளி நடத்துகின்றனர். சம்பளம் இல்லை, விடுதி இல்லை, சூரியன்கூட இல்லை. அங்கே முடிந்தது, மாரியம்மன் கோயில் மணி கேட்கும் தூரத்திலே வாழும் நமக்கு முடியாதா?

மார்கழியிலே நாம் வைகறையில் எழுந்து, குளிர்நீராடி, திருவெம்பாவை பாடிக்கொண்டு லயம் லயமாய்ப் போகின்றோம். குளிரை வென்று எழுவதே அந்நோன்பின் உட்பொருள் என்று பெரியோர் சொல்வர். பாடிக்கொண்டு போகும் அந்தக் கூட்டம், போகிற வழியிலே ஆசிரியர் விடுதி வாசலில் ஒரு கட்டு விறகை இறக்கி வைத்துவிட்டுப் போகலாகாதா? பாட்டும் பலிக்கும், விறகும் எரியும்.

ஆகவே, வெறும் பேச்சோடு நில்லாமல், நம் சங்கத்தின் முன் சில வேலைகளை வைக்கின்றோம். அவை பெரியனவல்ல, நம் கைக்கு எட்டியவை.

முதலாவது, புரட்டாசி முடியுமுன் ஒரு சிரமதானம். நமது சுற்றுவட்டத்திலே ஆசிரியர் விடுதிகள் எத்தனை உண்டோ அத்தனைக்கும் ஏறிக் கூரை பார்ப்போம், பீலியைத் துப்புரவாக்குவோம், பாடசாலையின் காற்றடிக்கும் பக்கத்து அரைச்சுவருக்குப் படங்கு கட்டுவோம். தச்சு வேலையும் தகர வேலையும் அறிந்த இளைஞர் நம்முள் குறைவில்லை.

இரண்டாவது, விறகு. கவ்வாத்துக் காலத்திலே மிலாறைச் சேர்த்துக் காயவைத்து, மழைக்கு முன் விடுதியின் பின்புறம் அடுக்கிவிடுவோம். செலவு ஒன்றும் இல்லை. இரண்டு ஞாயிறு போதும்.

மூன்றாவது, கம்பளி. முதலாம் வகுப்பிலே சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு தொப்பியும். பழையதாயினும் குற்றமில்லை, தோய்த்துக் கொடுத்தாற் போதும். கொழும்பிலே வேலை செய்யும் நம் சகோதர சகோதரிகள் விடுமுறைக்கு வரும்போது ஆளுக்கொன்று கொண்டுவரட்டும்.

நான்காவது, கிழங்குக் காலத்திலே தோட்டத்துப் பிள்ளைகள் கூலிக்கு இறங்கிப் பள்ளியை விடுகின்றார்கள். வீட்டிலே ரொட்டி இல்லாதபோது அதனைக் கடிந்து பயனில்லை. அந்த வாரங்களிலே மாலை நேரத்தில் கோயில் மண்டபத்தில் விளக்கேற்றி, விட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுப்போம். உயர்தரம் படித்தவர் நம்முள் எத்தனை பேர்! முறைவைத்து வந்தால் ஒருவருக்கு மாதம் இரண்டு மாலைதான் வரும்.

ஐந்தாவது, நள்ளிரவிலே தட்டுவதற்கு ஒரு கதவு. ஒவ்வொரு பாடசாலைக்கும் நம் உறுப்பினர் இருவர் பெயர் கொடுத்து வைப்போம். ஆசிரியருக்கோ அவர் பிள்ளைக்கோ ஏதும் நேர்ந்தால், வாகனம் பிடிப்பதும் கூடப் போவதும் அந்த இருவர் பொறுப்பு. புதிதாக ஓர் ஆசிரியர் வந்தால் முதல் நாளே அந்த இருவரும் போய்த் தம் வீட்டைக் காட்டிவிட்டு வரவேண்டும்.

இறுதியாக எம்மைப் போலப் பல்கலைக்கழகம் புகுந்தோர்க்கு ஒரு வார்த்தை. நாம் மிஷன் பாடசாலையிலே படித்தோம். அங்கே கடல் கடந்து வந்து, தமக்குப் பழகாத வெயிலைத் தாங்கி, நமக்கு எழுத்தறிவித்தவர்களின் படங்கள் சுவரிலே தொங்கின. அவர்களைக் கண்டு நாம் வியந்தோம். அயலவர் நம் வெயிலைத் தாங்கினார் என்று வியக்கும் நாம், நம் சொந்தக் குளிரைத் தாங்கமாட்டோம் என்றால் அது முறையாகுமா? பட்டம் பெற்ற பின் எல்லாரும் ஆசிரியராகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மருத்துவரும் வேண்டும், பொறியியலாளரும் வேண்டும், சட்டத்தரணியும் வேண்டும். ஆனால் நூறு பேர் மலையிறங்கினால் பத்துப் பேராவது திரும்பி ஏறவேண்டும். அப்படி ஏறுகிறவர் தனியே ஏறாமல், துணையோடு ஏறத்தக்க வழியை ஊர் செய்துகொடுக்கவேண்டும். கணவனும் மனைவியும் ஒரே பாடசாலையிலோ அடுத்தடுத்த பாடசாலைகளிலோ நியமனம் பெற்றால் அவர்கள் வேரூன்றுவார்கள் என்பதற்கு நாம் கூறிய தம்பதியரே சான்று. நியமனம் வழங்கும் அதிகாரிகளுக்கு இதனைச் சங்கத்தின் தீர்மானமாக எழுதி அனுப்புமாறு தலைவர் அவர்களை வேண்டுகின்றோம்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கின்றோம். உங்கள் மகளோ மகனோ தோட்டப் பாடசாலைக்குப் போகிறேன் என்றால், "அந்தக் குளிருக்கா?" என்று கேட்டுத் தடுக்காதீர்கள். ஒரு கம்பளியை மடித்துக் கையிலே கொடுத்து வாழ்த்தி அனுப்புங்கள். மற்றதை இளைஞர்களாகிய நாம் பார்த்துக்கொள்வோம்.

வரும் புரட்டாசியிலே சிரமதானத்துக்கு நாள் குறிக்கும் பட்டியல் இன்று இந்த மண்டபத்தின் வாசலிலே வைக்கப்பட்டிருக்கின்றது. பேனையும் அதன் பக்கத்திலே இருக்கின்றது. எமது பெயர்களை எழுதிவிட்டுத்தான் மேடையேறினோம்.